மைனஸ் 40-இல் நின்றுபோன அடுப்பு

அம்மாவின் தூக்கம் கலைந்தது குளிரால் அல்ல, சத்தம் நின்றுபோனதால்.

கிள்ளான் வீட்டில் இரவெல்லாம் காத்தாடி ஓடும் சத்தத்தில் தூங்கிப் பழகியவர் அவர். எங்களுடன் பொங்கல் கொண்டாட எட்மன்டனுக்கு வந்த முதல் வாரம், "இங்க என்ன இப்படி நிசப்தமா இருக்கு" என்று தூக்கம் வராமல் தவித்தார். பிறகு தரையிலுள்ள துவாரங்கள் வழியாக அவ்வப்போது உஸ்ஸென்று வரும் வெதுவெதுப்பான காற்றின் ஓசையைப் பிடித்துக்கொண்டார். அதுவே அவருக்குக் காத்தாடி ஆனது.

"தம்பி, எழுந்திரு. கீழ அந்த மெஷின் சத்தத்தையே காணோமே."

2024 ஜனவரி 13, சனிக்கிழமை, விடியற்காலை மூன்று மணி. மேற்குக் கனடா முழுவதையும் கடுங்குளிர் கவ்வியிருந்த வாரம் அது. வெளியே மைனஸ் 40-க்கும் கீழே. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. மைனஸ் 40-இல் இரண்டும் ஒன்றுதான். சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டை நான் வைத்திருந்தது 21. அது காட்டியது 16. எங்கள் மூன்று வயது மகள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் கனடா போகிற நம் பிள்ளைகள் பலர். குளிர்ச்சட்டை, காலணி, கையுறை என்று பெட்டி நிறைய வாங்கிக் கட்டி அனுப்புகிறோம். அங்கே வீட்டைச் சூடாக வைத்திருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் அதன் மேல் வாழ்ந்தும், அது எப்படி வேலை செய்கிறது என்று அந்த இரவு வரை நானும் கேட்டதில்லை.

நான் செய்த முட்டாள்தனம்

எட்மன்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலத்தடியில் பேஸ்மென்ட் உண்டு. அங்கே ஓர் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதன் பெயர் ஃபர்னஸ். தெருவிலிருந்து குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவை எரித்து, காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்புவது அதன் வேலை.

கீழே இறங்கிப் போனேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்தேன். தெர்மோஸ்டாட்டின் பேட்டரி செத்துப்போனாலே முழு வீடும் குளிர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்ன ஞாபகம், பேட்டரியை மாற்றினேன். மின்சாரப் பெட்டியில் எந்த சுவிட்சும் விழவில்லை. ஃபர்னஸின் பக்கவாட்டில் விளக்கு சுவிட்ச் போலவே ஒன்று இருக்கும். விளக்கு என்று நினைத்து யாராவது அணைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிற கூத்து. அதுவும் போட்டபடியே இருந்தது. காற்று வடிகட்டியை உருவிப் பார்த்தேன். கொஞ்சம் அழுக்குதான், ஆனால் அடைத்துப்போகவில்லை.

பெட்டியின் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம். அதற்குள் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. என்னமோ சொல்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு அழைத்தேன். ஊரிலுள்ள பாதி வீடுகளிலிருந்தும் அழைப்பு போயிருக்கும் போலிருந்தது. ஆள் வர மறுநாள் மாலை ஆகும் என்றார்கள்.

மேலே வந்தேன். "அடுப்பைப் பத்த வைப்பா. அதைச் சுத்தி உக்காந்துக்குவோம்" என்றார் அம்மா. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கேஸ் அவனைக் கொளுத்தி, கதவைத் திறந்து வைத்தேன். மகளைப் போர்வையோடு தூக்கி வந்து சமையலறையில் படுக்க வைத்தோம். பத்து நிமிடத்தில் அறை இதமானது. எல்லாரும் சிரித்தோம்.

மனைவிதான் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்க இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே?"

அது என் மேசை டிராயரில் இருந்தது. போன வாரம் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கீச், கீச் என்று கத்தியது. பேட்டரியோ ஆயுளோ முடிந்தது என்பதற்கான அறிவிப்பு அது. மகள் தூக்கம் கெடுகிறது என்று கழற்றிவிட்டேன். புதிது வாங்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கடுங்குளிருக்காகச் சன்னல் கதவெல்லாம் இறுக்கி அடைத்த வீடு. அதற்குள் திறந்த நெருப்பு, தூங்குகிற குழந்தை, டிராயருக்குள் அலாரம். மனைவி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அவனை அணைத்தாள். பின்கதவை ஒரு நிமிடம் திறந்து வைத்தாள். உள்ளே பாய்ந்த குளிரை நான் இன்னும் மறக்கவில்லை.

கார்பன் மோனாக்சைடு என்பது எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் வாயு. நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவர் எழுவதில்லை. 2008-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு போலீஸ் அதிகாரியும் அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வீட்டிலேயே இப்படி மாண்டார்கள். கேஸ் கணப்பின் புகைவழி அடைத்திருந்தது. வீட்டில் இந்த அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013-இல் அங்கே சட்டமே வந்தது.

தாத்தாவின் பாடம்

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டில் விளக்கெரிந்தது. அங்கே இருப்பவர் உக்ரேனிய வம்சாவளிப் பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேஸ் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மகளுக்கு அவர் தாத்தா. அழைத்த ஐந்தாவது நிமிடம் வந்துவிட்டார். கையில் ஒரு டார்ச் லைட், தன் வீட்டு அலாரங்களில் ஒன்று. முதல் வேலையாக அந்த அலாரத்தை எங்கள் படுக்கையறை நடையில் மாட்டினார். அப்புறம்தான் கீழே இறங்கினார்.

பெட்டியின் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. "அது மறுபடி முயற்சி செய்யும். பேசாமல் கேள்" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ஒரு சின்ன விசிறி சுழலத் தொடங்கியது. ஒரு நிமிடம் போல் சுழன்றது. நின்றுபோனது. சிவப்பு விளக்கு மீண்டும் மின்னியது.

அவர் பெட்டியின் மேல் கதவைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அதன் உட்புறத்தில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது: எத்தனை மின்னலுக்கு என்ன கோளாறு என்று. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். எங்களுடையதில் மூன்று மின்னல் என்றால் காற்றழுத்த சுவிட்ச் மூடவில்லை என்று பொருள். எட்டு ஆண்டாக அந்தக் கதவு என் கண் முன்னேதான் இருந்தது.

பிறகு அவர் சொல்லித் தந்ததை என் மொழியில் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அறை குளிர்ந்ததும் 24 வோல்ட் மின்சாரத்தில் ஃபர்னஸுக்கு ஓர் அழைப்பு விடுக்கும். அழைப்பு வந்தவுடன் ஃபர்னஸ் நெருப்பைப் பற்ற வைப்பதில்லை. முதலில் தன் மூச்சைச் சோதிக்கிறது. நாங்கள் கேட்ட அந்தச் சின்ன விசிறியின் வேலை அதுதான். எரியும் அறைக்குள் தேங்கியிருக்கக்கூடிய பழைய வாயுவை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே இழுக்கும். காற்று சரியாக ஓடுகிறது என்பதை ஒரு ரப்பர் சவ்வு சுவிட்ச் உறுதி செய்தால்தான் அடுத்த படி. இல்லையென்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். புகை வெளியேற வழியில்லாத இடத்தில் நெருப்பு மூட்ட மாட்டேன் என்று அந்த இரும்புப் பெட்டி அடம்பிடிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன் எனக்கு இல்லாத புத்தி.

மூச்சு சரியாக இருந்தால், விரல் நீளத்துக்கு ஒரு பீங்கான் துண்டு பழுத்துச் சிவக்கும். பற்றவைப்பான் அது, தீக்குச்சிக்குப் பதில். அரை நிமிடம் போல் காத்திருந்துவிட்டு, கேஸ் வால்வு திறக்கும். நெருப்பு பற்றும். பற்றியதா என்று பார்க்கத் தனியாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்புக்கு மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கடத்தும் குணம் உண்டு. அதுவும் பெரும்பாலும் ஒரு திசையில்தான் கடத்தும். அந்தக் கம்பி வழியாக ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு மின்சாரம் ஓடினால் நெருப்பு இருக்கிறது என்று ஃபர்னஸின் மூளை நம்பும். சில வினாடிகளுக்குள் அந்தச் சேதி வரவில்லையா, கேஸை மூடிவிடும். எரியாத கேஸ் வீட்டுக்குள் சேர விடாத காவல்காரன் அந்தக் கம்பி. அதில் கரி படிந்தால், நன்றாக எரிகிற நெருப்பைக்கூட இல்லையென்று நினைத்து அணைத்துவிடும். ஃபர்னஸ் பழுதுகளில் இது மிகச் சாதாரணமானது என்றார் தாத்தா.

நெருப்பு பற்றிய பிறகும் காற்று உடனே வராது. முதலில் உலோகக் குழாய்கள் சூடாக வேண்டும். நெருப்பும் புகையும் அந்தக் குழாய்களின் உள்ளே ஓடும். நாம் சுவாசிக்கும் காற்று வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போய்ச் சூடாகும். இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை, கலக்கவும் கூடாது. பழைய ஃபர்னஸ்களில் இந்தக் குழாயில் விரிசல் விழுந்தால் புகை வீட்டுக் காற்றில் கலக்க வழி பிறக்கும். ஆண்டுக்கொரு முறை ஆளை அழைத்துச் சோதிக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். என் வீட்டில் மூன்று ஆண்டாக யாரும் வரவில்லை. குழாய் சூடாக அரை நிமிடம் ஆனபின், பெரிய விசிறி ஓடும். அம்மாவின் காத்தாடிச் சத்தம்.

இடையில் பெட்டிக்குள் சூடு அளவுக்கு மீறினால் ஒரு காவல் சுவிட்ச் கேஸை நிறுத்திவிடும். பெரும்பாலும் அழுக்கான வடிகட்டிதான் காரணம். நெருப்பு தன் இடத்தை விட்டு வெளியே நாக்கை நீட்டினால் நிறுத்துவதற்கு இன்னொன்று உண்டு. அது தானாகத் திரும்பாது, கையால் அழுத்த வேண்டும். "அதை மட்டும் நீ அழுத்தாதே. நெருப்பு ஏன் வெளியே வந்தது என்று தெரியாமல் அழுத்துகிறவன் முட்டாள்" என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் இன்னும் காரமானது.

அம்மாவின் அகப்பை

"சின்ன விசிறி சுழல்கிறது, ஆனால் பற்றவைப்பான் சிவக்கவே இல்லை. அப்படியானால் மூச்சு அடைத்திருக்கிறது. வா வெளியே" என்றார் தாத்தா.

புதிய ரக ஃபர்னஸ்களுக்குக் கூரை வழியாகப் புகைக்கூண்டு கிடையாது. வீட்டுச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்க, மற்றது புகையை வெளியே விட. புகைக்குப் பிளாஸ்டிக் குழாயா என்று நானும் கேட்டேன். கனடாவில் புதிதாக விற்கப்படும் வீட்டு ஃபர்னஸ்கள், எரிக்கும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 90 விழுக்காட்டையாவது வீட்டுக்குத் தர வேண்டும் என்ற விதி 2009-ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. சூட்டை அந்த அளவுக்கு உறிஞ்சிய பிறகு மிஞ்சும் புகை, பிளாஸ்டிக் தாங்கக்கூடிய அளவுக்கு ஆறிப்போய், ஈரமாக வெளியே வரும். அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்குத் தனியாக வடிகால் குழாய் வேறு.

அந்த ஈரம்தான் எங்கள் எதிரி. காற்றில்லாத கடுங்குளிரில் வெளிவந்த ஆவி மேலே போகாமல் அங்கேயே சுழன்று, பக்கத்துக் குழாயின் வாயில் பனிப்பூவாகப் படிந்திருந்தது. குருவி நுழையாமலிருக்க அதில் ஒரு வலை. வலை முழுவதும் வெள்ளை வெளேரென்று, தேங்காய்த் துருவலை அப்பி வைத்தது போல.

நான் உள்ளே ஓடி வெந்நீர்க் கெண்டியைத் தூக்கினேன். தாத்தா தடுத்தார். மைனஸ் 40-இல் ஊற்றுகிற வெந்நீர் அடுத்த நிமிடம் குழாய்க்குள் பனிக்கட்டியாகும். இரும்புக் கம்பியால் குத்தினால், குளிரில் மொறுமொறுப்பான பிளாஸ்டிக் உடையும். மரத்தில் ஏதாவது வேண்டும் என்றார். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பொங்கல் கிண்டுவதற்காகக் கிள்ளானிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த மர அகப்பையை எடுத்துக் கொடுத்தார். அந்த அகப்பைக் காம்பால் கனடாவின் பனியைச் சுரண்டினேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு கையுறைகளுக்குள்ளும் விரல்கள் மரத்துப்போயின.

மறுபடி இயக்குவதற்கு அவர் பின்பற்றிய ஒழுங்கு எளிமையானது. தெர்மோஸ்டாட்டைக் கீழே இறக்கினார். ஃபர்னஸ் சுவிட்சை அணைத்தார். கதவைப் பழையபடி மாட்டினார். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் மின்சாரம் வராதபடி அங்கேயும் ஒரு சுவிட்ச் உண்டு. அதற்கு டேப் ஒட்டி ஏமாற்றுகிற புத்திசாலிகளையும் தன் காலத்தில் பார்த்திருக்கிறாராம். பிறகு ஐந்து நிமிடம் சும்மா நின்றார். மூக்கை உறிஞ்சினார். குனிந்து தரையருகேயும் ஒரு முறை முகர்ந்தார். கேஸ் வாடை துளியும் இல்லை என்ற பிறகே சுவிட்சைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை ஏற்றச் சொன்னார்.

சின்ன விசிறி. ஒரு 'டிக்'. கண்ணாடித் துவாரத்தில் செக்கச்சிவந்த வெளிச்சம். இன்னொரு 'டிக்'. புஸ்ஸென்று நீல நிற நெருப்பு, வரிசையாக. நீலமாக, ஆடாமல், நேராக எரிய வேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக ஆடினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடு என்றார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து எண்ணும்போது பெரிய விசிறி ஓடியது.

மேலேயிருந்து அம்மாவின் குரல்: "வந்துருச்சு, வந்துருச்சு!"

அவர் ஒருவேளை அன்று ஊரில் இல்லாதிருந்தால்? மூன்று முறை முயன்றும் பற்றாவிட்டால் நான்காவது முறை சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கம்பெனி ஆள் வரும்வரை மின் ஹீட்டரோடு சமாளிக்க வேண்டும், அல்லது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, பைப்பை நூல்போல் சொட்டவிட்டு, சிங்க் அடியிலுள்ள கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். அதை மட்டும் அன்று இரவு நான் சரியாகச் செய்திருந்தேன்.

ஐந்து நிமிடமும் மூக்கும்

அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பு தாத்தாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வட அமெரிக்காவில் விற்கும் கேஸ் ஃபர்னஸ்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டிலேயே அது இருக்கிறது. நான் இங்கே வந்த புதிதில் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் அறையில் பழைய ரக ஃபர்னஸ். அதில் இரவும் பகலும் ஒரு சின்னத் தீபம் எரிந்துகொண்டே இருக்கும், பைலட் என்பார்கள். அது அணைந்தால் நாமே ஏற்ற வேண்டும். கேஸ் குமிழை 'ஆஃப்' பக்கம் திருப்பி, ஐந்து நிமிடம் காத்திருந்து, முகர்ந்து பார்த்து, 'பைலட்' பக்கம் திருப்பி, அழுத்திப் பிடித்துக்கொண்டு தீ வைக்க வேண்டும். பற்றிய பிறகும் ஒரு நிமிடம் போல் விரலை எடுக்கக் கூடாது. தீபத்தின் சூட்டில் ஓர் உலோக முனை துளி மின்சாரம் உண்டாக்கும். அதுதான் வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ளும். தீபம் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு தானாக மூடும். பிறகுதான் 'ஆன்'. குமிழை எப்போதும் கையால்தான் அழுத்த வேண்டும், திருப்ப வேண்டும். இறுகியிருக்கிறது என்று இடுக்கி போட்டால் வம்பு.

அன்று அந்த வீட்டுக்காரர் இதை எனக்குக் காட்டியபோது, தரையை எதற்காக முகர வேண்டும் என்று புரியாமல் சிரித்தேன். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். ஆனால் ஃபர்னஸ்கள் சில இடங்களில் புரோப்பேனிலும் ஓடுகின்றன. அது கனமானது; தரையில் தண்ணீர்போல் தேங்கும்.

நம் ஊர் சமையலறையில் இருக்கும் கேஸ் தோம்பில் இருப்பது அந்தக் கனமான ரகம்தான், புரோப்பேனும் பியூட்டேனும். அதனால்தான் கசிவு வாடை வந்தால் கீழே, காலடியில் ஆபத்து இருக்கிறது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாயில் வரும் டவுன் கேஸ் இலேசானது. எதுவானாலும் செய்யக்கூடாதவை ஒன்றுதான்: விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். காத்தாடியைப் போட்டு வாடையை விரட்டலாம் என்று நம் வீடுகளில் செய்வோமே, அதுதான் மிகப் பெரிய தவறு. சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். முடிந்தால் தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியே அழைத்துப் போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். வீட்டுக்குள் நின்று கைத்தொலைபேசியை எடுக்க வேண்டாம்.

அந்த வாடையே கேஸின் சொந்த வாடை அல்ல. இயற்கை எரிவாயுவுக்கு மணம் கிடையாது. 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் கேஸ் கசிந்து தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஒரு பொறியில் கட்டடமே சரிந்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகுதான் கேஸில் அழுகிய முட்டை வாடையைச் சேர்ப்பது சட்டமானது. மூக்கைச் சுளிக்க வைக்கும் அந்த நாற்றத்தை அன்றிலிருந்து நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு அந்த வாடையும் கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நமக்கு ஃபர்னஸ் இல்லை, ஆனால் கேமரன் மலை இருக்கிறது. அங்கே பள்ளி விடுமுறைக்குப் போய், குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ இழுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரின் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குடும்பத்தோடு தூங்குகிறவர்கள் உண்டு. மூடிய குளியலறையில் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் உண்டு. புகை வெளியேற வழி இருக்கிறதா என்று அந்தச் சின்ன விசிறி கேட்கிற கேள்வியை இங்கே நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொங்கல்

கதை அன்றோடு முடியவில்லை. அதே சனிக்கிழமை மாலை எல்லார் கைத்தொலைபேசியும் ஒன்றாக அலறியது. மாநில அரசின் அவசர அறிவிப்பு: மின்சாரம் பற்றாக்குறை, தேவையில்லாததையெல்லாம் அணைத்து வையுங்கள். அணைக்காவிட்டால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரக்கூடும். "நமக்கென்ன, நம்மது கேஸ்தானே" என்றார் அம்மா. நான் அன்று காலைதான் பாடம் படித்தவன். தெர்மோஸ்டாட், சின்ன விசிறி, பற்றவைப்பான், வால்வு, பெரிய விசிறி. மின்சாரம் போனால் இவற்றில் ஒன்றும் அசையாது, கேஸ் வாசல்வரை வந்து சும்மா நிற்கும். ஓடிப்போய் விளக்குகளை அணைத்தேன். எதிர்வீடுகளிலும் ஒவ்வொன்றாக இருண்டன. சில நிமிடங்களிலேயே மின்தேவை இறங்கிவிட்டது, மின்வெட்டு வரவில்லை என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். அந்த இருட்டில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து, கீழேயிருந்து வரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு புது அலாரங்கள் வாங்கி வந்தேன். ஒன்று படுக்கையறை நடையில், மற்றது பேஸ்மென்டில். தாத்தாவின் அலாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மனிதர் அதன் பின்புறத்தைக் காட்டினார். எப்போது மாற்ற வேண்டும் என்று அதில் தேதி அச்சிட்டிருக்கிறது. என் பழைய அலாரத்தை எடுத்துப் பார்த்தேன். தேதி முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை பொங்கல். வாசலில் வைக்க வழியில்லை; சமையலறையில்தான், புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு. பால் பொங்கியபோது மகள் கத்திய கத்தலில் தாத்தாவே வந்துவிட்டார். அகப்பை எங்கே என்று அம்மா தேடினார். கழுவி வைத்திருந்தேன். காம்பில் லேசாகச் சிராய்ப்பு. "குழாயைச் சுரண்டினதாலதான்" என்று முணுமுணுத்தபடியே அதனாலேயே கிண்டினார்.

மார்ச்சில் அவர் ஊர் திரும்பினார். போனவுடன் செய்த முதல் வேலை, கேஸ் தோம்பின் ரப்பர் ஹோஸை மாற்றியது. அது விரிசல் விட்டிருந்ததாம். எத்தனை ஆண்டுப் பழசு என்று அவருக்கே நினைவில்லை. இப்போதெல்லாம் கனடாவில் குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தால் உடனே அழைக்கிறார். சாப்பிட்டியா, குழந்தை எப்படி என்பதெல்லாம் பிறகுதான்.

"தம்பி, வெளிய போயி அந்த வெள்ளைக் குழாயைப் பாத்தியா?"